பென் டிரைவின் எழுத்து மாறினாலும் பேட்ச் ஃபைல் தடுமாறாமல் இருக்க

கீழக்கரை ஜெராக்ஸ் கடையோ, ராமேஸ்வரம் சன்னதித் தெரு ஸ்டுடியோவோ, மண்டபத்தில் விசைப்படகு சங்க அலுவலகமோ, அன்றாடக் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்துவைக்க ஒரு பேட்ச் ஃபைல், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சிறு ஃபைல், போதும். இருமுறை கிளிக் செய்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலான பேட்ச் ஃபைல்களுக்குள் 'இ:' என்று டிரைவ் எழுத்தை நேரடியாகவே எழுதிவிடுகிறார்கள். இன்று இ: ஆக வந்த பென் டிரைவ், நாளை கேமரா கார்டு ஒன்று முன்பே செருகியிருந்தால் எஃப்: ஆக வரும். அப்போது ஃபைல் பிழை காட்டி நின்றால் நல்லது. நிற்காமல் வாடிக்கையாளரின் கார்டில் கடைக் கணக்கைக் கொட்டிவிட்டு 'முடிந்தது' என்றும் சொல்லக்கூடும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். நோட்பேடில் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். %, ~, :, /, \, மேற்கோள் குறி, எண்கள் எல்லாம் இங்கே இருக்கிறபடியே. முன்பக்கம் சாயும் / ஒன்று, பின்பக்கம் சாயும் \ வேறொன்று. கட்டளையின் விருப்பங்களுக்கு முதலாவது, ஃபோல்டர் பாதைக்கு இரண்டாவது. 'டூ' என்பது டி-ஓ, 'ஈகோ' என்பது இ-சி-எச்-ஓ, 'கோட்டு' என்பது இடைவெளி இல்லாமல் ஜி-ஓ-டி-ஓ. 'பி', 'டி' இரண்டும் இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொருந்தும். 'எக்ஸிட் /பி' இல் வருவது ஆங்கில வரிசையின் இரண்டாவது எழுத்து, 'செட் /பி', '%~டிபி0' இரண்டிலும் பதினாறாவது. '%~டிபி0', 'புஷ்டி', 'சிடி', '/டி', '/எக்ஸ்டி' ஆகியவற்றின் டி நான்காவது எழுத்து, '/எஃப்எஃப்டி' இல் இருபதாவது. ஃபோல்டர்களின் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கட்டும். தமிழில் பெயர் வைத்தால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் தடையின்றிக் காட்டும். ஆனால் பேட்ச் ஃபைலுக்குள் அந்தப் பெயரை எழுதினால் எழுத்துக் குறியீடு பொருந்தாமல் 'பாதை கிடைக்கவில்லை' என்று வர வாய்ப்பு உண்டு.

எழுத்து ஏன் மாறுகிறது

ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக் காலத்து ஒதுக்கீடு. சி-யில் விண்டோஸ். டி முதல் இசட் வரை மீதி 23 எழுத்துகள். புதிதாக ஒரு டிரைவ் வந்தால், காலியாக இருப்பதில் முதல் எழுத்தை விண்டோஸ் கொடுக்கிறது. ராமநாதபுரம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். முதலில் ஏறியவருக்கு முன் சீட்டு.

ஒருமுறை கொடுத்த எழுத்தை விண்டோஸ் மறப்பதில்லை. தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'மவுன்டட் டிவைசஸ்' என்ற பகுதியில் குறித்துவைக்கிறது. அப்படியிருந்தும் ஏன் மாறுகிறது? அதே எழுத்தை அந்த நேரத்தில் வேறொரு டிரைவ் பிடித்திருந்தால், நம்முடையதற்கு அடுத்த காலி எழுத்துதான் கிடைக்கும். நான்கு துளை கொண்ட கார்டு ரீடர் ஒன்றைச் செருகினால், கார்டே போடாவிட்டாலும் பல ரீடர்கள் நான்கு எழுத்துகளை எடுத்துக்கொள்ளும். ஸ்டுடியோக்களில் எழுத்துக் குழப்பம் அதிகம் வருவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், மலிவான பென் டிரைவ். ஒவ்வொரு யுஎஸ்பி கருவிக்குள்ளும் தனித்த சீரியல் எண் இருந்தால், எந்தத் துளையில் செருகினாலும் 'இது அதே ஆள்' என்று விண்டோஸ் கண்டுகொள்ளும். அந்த எண் இல்லாத கருவியைத் துளையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. முன்பக்கத் துளையில் ஒரு எழுத்து, பின்பக்கத் துளையில் வேறு எழுத்து. ஏற்கெனவே பயன்படுத்திய பென் டிரைவை வேறு துளையில் செருகும்போது 'புதிய கருவி நிறுவப்படுகிறது' என்ற செய்தி மீண்டும் வந்தால், அது இந்த வகையாக இருக்கலாம்.

மூன்றாவது நம் கரைக்கே உரியது. கடலை ஒட்டிய கட்டடங்களில் உப்புக் காற்று யுஎஸ்பி துளையின் உலோகத் தகடுகளை அரிக்கும். தொடர்பு ஒரு நொடி விட்டு மறுபடி ஒட்டும். அந்த ஒரு நொடியில் டிரைவ் கழன்று திரும்ப வந்ததாக விண்டோஸ் எண்ணும். பழைய எழுத்தில் ஏதாவது ஃபைல் திறந்தே இருந்தால், திரும்பி வரும் டிரைவுக்கு வேறு எழுத்து விழக்கூடும். நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து மாறுவது இப்படித்தான். இதற்கு எந்தப் பேட்ச் ஃபைலும் மருந்தில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் தகடுகளைத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பிளேடு, ஊசி கொண்டு சுரண்டினால் முலாம் போய், அரிப்பு இன்னும் வேகமாகும். பேக்கப்புக்கு என்று பின்பக்கத் துளை ஒன்றை ஒதுக்கி, மற்ற நேரத்தில் ரப்பர் மூடி போட்டுவைப்பது நல்ல பழக்கம்.

முதலில் உங்கள் நிலைமை எது என்று பாருங்கள். பேட்ச் ஃபைல் பென் டிரைவுக்குள்ளேயே இருக்கிறதா? ஒரே கம்ப்யூட்டர், ஒரே டிரைவ் என்று நிரந்தர ஜோடியா? அல்லது ஃபைல் கம்ப்யூட்டரில், டிரைவ்கள் பலவா? மூன்றுக்கும் வழி வேறு.

ஃபைல் பென் டிரைவுக்குள்ளேயே இருந்தால்

இதுதான் எளிது. எழுத்தைத் தேடவே வேண்டாம். பேட்ச் ஃபைலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். விழுக்காட்டுக் குறி, அலைக் குறி, டி, பி, பூஜ்யம் ஆகியவற்றை இடைவெளி விடாமல் '%~டிபி0' என்று எழுதினால், ஃபைல் இருக்கும் டிரைவும் ஃபோல்டரும் சேர்ந்து கிடைக்கும். டிரைவ் எழுத்து மட்டும் போதுமென்றால் பி-யை விட்டுவிட்டு '%~டி0'.

ஆகவே பென் டிரைவில் இருக்கும் 'படிவம்' என்ற ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்கு எடுக்க, விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி (/இ என்றால் உள் ஃபோல்டர்களும் சேர்த்து):

ரோபோகாப்பி "%~டிபி0படிவம்" "சி:\படிவம்" /இ

பூஜ்யத்துக்கும் 'படிவம்' என்பதற்கும் நடுவில் \ போடவில்லை என்பதைக் கவனியுங்கள். %~டிபி0 தன் கடைசியில் ஒரு \ குறியோடுதான் வரும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முழு இடத்தையும் நகலெடுக்க நினைத்து "%~டிபி0" என்று மட்டும் மேற்கோளுக்குள் கொடுத்தால், கடைசி \ குறியும் அடுத்த மேற்கோள் குறியும் ஒட்டிக்கொண்டு, ரோபோகாப்பி அடுத்த பாதையையும் முதல் பாதையின் தொடர்ச்சியாகவே படிக்கும். புரியாத பிழைச் செய்தி வரும். தீர்வு ஒரு புள்ளி: "%~டிபி0." என்று எழுதிவிடுங்கள்.

'நான் எழுத்தே எழுதவில்லை, வெறும் படிவம் என்றுதான் எழுதினேன், அதுவே வேலை செய்கிறதே' என்று சிலர் சொல்வதுண்டு. இருமுறை கிளிக் செய்யும்வரை வேலை செய்யும். வலது கிளிக்கில் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்த அன்று நிற்கும். ஏனென்றால் அப்போது ஃபைல் சி:\விண்டோஸ்\சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடும். ஃபைலின் இரண்டாம் வரியில் புஷ்டி "%~டிபி0" என்று கொடுத்துவிட்டால், எந்த வழியில் திறந்தாலும் தன் இடத்துக்கு வந்துவிடும். 'சிடி' கட்டளையைப் பயன்படுத்துவதென்றால் /டி சேர்க்காமல் அது டிரைவ் மாறாது.

நிரந்தர ஜோடி என்றால்

கருவாட்டு மண்டியில் ஒரே கம்ப்யூட்டர், அதற்கென்றே ஒரு பேக்கப் டிரைவ் என்றால் எழுத்தையே பூட்டிவிடலாம். விண்டோஸ் சாவியும் ஆர்-உம் அழுத்தி, டிஸ்க்எம்ஜிஎம்டி.எம்எஸ்சி என்று தட்டுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கும். அளவையும் பெயரையும் பார்த்து உங்கள் டிரைவ்தானா என்று உறுதி செய்த பிறகே வலது கிளிக். 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', அடுத்து 'சேஞ்ச்'. பட்டியலில் பி-யையோ அதைத் தாண்டியோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஆங்கில வரிசையில் பதினாறாவது எழுத்து பி. முன்வரிசை எழுத்துகளைச் செருகும் டிரைவ்கள் பிடிக்கும். இசட், ஒய் போன்றவற்றை நெட்வொர்க் டிரைவ்களுக்குக் கொடுப்பது பலரின் வழக்கம். நடுவில் இருப்பது தகராறு இல்லாத இடம்.

'எழுத்தை நம்பியிருக்கும் சில புரோகிராம்கள் இயங்காமல் போகலாம்' என்று எச்சரிக்கை வரும். பேக்கப் டிரைவ் என்றால் 'எஸ்' கொடுக்கலாம். அதே சன்னலில் 'ஃபார்மேட்' என்ற வரியும் இருக்கிறது. அவசரத்தில் கை அங்கே போகக்கூடாது.

இந்தப் பூட்டு அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் செல்லும். எழுத்து பென் டிரைவுக்குள் எழுதப்படுவதில்லை. தொண்டிக் கிளை அலுவலகத்துக்கு அதே டிரைவைக் கொண்டுபோனால் அங்கே பழையபடி இ: அல்லது எஃப்: தான்.

எழுத்தே வேண்டாமென்றால் இன்னொரு வழி: அதே பெட்டியில் 'ஆட்' கொடுத்து, சி: யில் உள்ள ஒரு காலி ஃபோல்டரோடு டிரைவை இணைக்கலாம். சி: என்டிஎஃப்எஸ் அமைப்பில் (டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்று) இருக்க வேண்டும், ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். அதன்பின் எழுத்து எதுவானாலும் அந்த ஃபோல்டர் பாதை மாறாது. ஆனால் யாராவது அந்த ஃபோல்டரை நீக்கிவிட்டு அதே பெயரில் சாதாரண ஃபோல்டர் உருவாக்கிவிட்டால், பேக்கப் முழுவதும் சி: க்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. பலர் புழங்கும் கம்ப்யூட்டரில் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டோம்.

டிரைவ்கள் பல என்றால்: அடையாளத்தைத் தேடுங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எழுத்து எதுவாக இருந்தாலும், உள்ளே நாம் வைத்த அடையாளம் இருக்கிற டிரைவைத் தேடிப் பிடிக்கவேண்டும், கிடைக்காவிட்டால் ஒன்றும் செய்யாமல் நிற்கவேண்டும். பேட்ச் ஃபைலிடம் கேட்பது இவ்வளவுதான்.

முதலில் அடையாளம். பேக்கப் பென் டிரைவைத் திறந்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் வெளியிலேயே ஒரு காலி டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி 'மார்க்.டிஎக்ஸ்டி' என்று பெயர் வையுங்கள். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதியில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை முதலில் இயக்கிவிடுங்கள். அது மறைந்திருக்கும்போது 'மார்க்.டிஎக்ஸ்டி' என்று பெயர் மாற்றினால், உண்மையில் 'மார்க்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி' என்று ஆகியிருக்கும். தேடல் ஒருபோதும் கிடைக்காது. புதியவர்கள் அதிகம் சிக்கும் இடம் இது. வேறு யாரும் தற்செயலாக வைத்திருக்க முடியாத பெயராக, கடைப் பெயரோடு சேர்த்து வைப்பது இன்னும் நல்லது.

இனி பேட்ச் ஃபைல். நோட்பேடில் இந்த வரிகள்:

@ஈகோ ஆஃப்
செட்லோக்கல்
செட் "பென்="
ஃபார் %%எக்ஸ் இன் (டி இ எஃப் ஜி எச் ஐ ஜே கே எல் எம் என் ஓ பி க்யூ ஆர் எஸ் டி யு வி டபிள்யூ எக்ஸ் ஒய் இசட்) டூ இஃப் எக்ஸிஸ்ட் "%%எக்ஸ்:\மார்க்.டிஎக்ஸ்டி" (இஃப் டிஃபைன்ட் பென் (கோட்டு இரண்டு) எல்ஸ் செட் "பென்=%%எக்ஸ்:")
இஃப் நாட் டிஃபைன்ட் பென் கோட்டு இல்லை
ரோபோகாப்பி "சி:\கணக்கு" "%பென்%\கணக்கு" /இ /ஆர்:1 /டபிள்யூ:1 /எஃப்எஃப்டி
இஃப் எரர்லெவல் 8 கோட்டு தப்பு
ஈகோ பேக்கப் முடிந்தது: %பென்%
பாஸ்
எக்ஸிட் /பி
:இல்லை
ஈகோ பேக்கப் பென் டிரைவ் செருகப்படவில்லை
பாஸ்
எக்ஸிட் /பி
:இரண்டு
ஈகோ அடையாளம் உள்ள டிரைவ்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்றைக் கழற்றவும்
பாஸ்
எக்ஸிட் /பி
:தப்பு
ஈகோ நகல் முழுமையாக நடக்கவில்லை
பாஸ்
எக்ஸிட் /பி

ஃபார் என்று தொடங்கும் வரி நீளமானது. நடுவில் என்டர் தட்டாமல் ஒரே வரியாக இருக்கட்டும். பட்டியலில் சி இல்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். ஃபைலுக்குள் எழுதும்போது எக்ஸ்-க்கு முன் இரண்டு விழுக்காட்டுக் குறிகள். கருப்புச் சன்னலில் (கமாண்ட் ப்ராம்ப்ட்) நேரடியாகத் தட்டிப் பார்த்தால் ஒன்று மட்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் 'எதிர்பாராத குறி' என்று நிற்கும். அந்த எக்ஸ் சிறிய எழுத்தில் தொடங்கினால் எல்லா இடத்திலும் சிறியதாகவே இருக்கவேண்டும். பேட்ச் ஃபைலில் மற்ற இடங்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பெரும்பாலும் இல்லை, இங்கே உண்டு.

'செட்' வரியில் மேற்கோள் குறி எதற்கு? அது இல்லாவிட்டால் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் விட்ட இடைவெளியும் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். 'இ:' என்பது 'இ: ' ஆகி, பாதை உடைந்துவிடும்.

'இஃப் நாட் டிஃபைன்ட்' வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்கவேண்டாம். டிரைவ் கிடைக்காதபோது %பென்% வெறுமையாகிவிடும். அப்போது "%பென்%\கணக்கு" என்பது வெறும் "\கணக்கு". விண்டோஸ் அதை 'இப்போது நிற்கும் டிரைவின் கணக்கு ஃபோல்டர்' என்று படிக்கும். பேட்ச் ஃபைல் டெஸ்க்டாப்பில், அதாவது சி: யில் இருக்கிறது. ஆக சி:\கணக்கு என்பதை சி:\கணக்கு மீதே நகலெடுக்கச் சொல்கிறோம். எல்லா ஃபைலும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று ரோபோகாப்பி ஒன்றும் செய்யாமல் வெற்றிக் குறியோடு முடியும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. ஹார்ட் டிஸ்க் போகிற அன்றுதான் பேக்கப் ஒன்றுமே இல்லை என்று தெரியவரும். அந்த வரியில் 'டெல்' கட்டளையோ /எம்ஐஆர் விருப்பமோ இருந்திருந்தால் நிலைமை இன்னும் கேவலம்.

/எம்ஐஆர் பற்றி ஒரு வார்த்தை. மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து அழித்து இரண்டையும் ஒன்றுபோல ஆக்குவது அதன் வேலை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் சர்வசாதாரணமாக இருக்கும். டிரைவைச் சரியாக அடையாளம் காண்கிறது என்று பலவிதமாகச் சோதித்து நம்பிக்கை வரும்வரை /இ மட்டும் போதும்.

மற்ற விருப்பங்கள்: ரோபோகாப்பி ஒரு ஃபைலைத் தொட முடியாவிட்டால் இயல்பாகப் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 நொடி காத்திருந்து முயலும், /ஆர்:1 /டபிள்யூ:1 அதை ஒருமுறை, ஒரு நொடி என்று குறைக்கிறது. பல பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 அமைப்பு, ஃபைல் மாறிய நேரத்தை 2 நொடி இடைவெளியில்தான் குறிக்கும். /எஃப்எஃப்டி இல்லாவிட்டால் மாறாத ஃபைலையும் மாறியதாக நினைத்து ஒவ்வொரு நாளும் முழுக்க நகலெடுக்கும். எரர்லெவல் 8 எதற்கென்றால், ரோபோகாப்பியில் 0 முதல் 7 வரை பிழையல்ல. 1 என்றால் நகல் நடந்தது என்று பொருள். மற்ற கட்டளைகளைப் போல 1 வந்தாலே தோல்வி என்று எழுதினால், பேக்கப் நடந்த நாளெல்லாம் தப்பு என்று சொல்லும்.

சேமிக்கும்போது 'சேவ் அஸ் டைப்' இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்து, பெயரின் முடிவில் '.பேட்' என்று கொடுங்கள். எழுத்துக் குறியீடு 'வித் பிஓஎம்' என்று முடியாததாக இருக்கட்டும்; அது இருந்தால் முதல் வரியே அடையாளம் தெரியாத கட்டளை என்று பிழை தரும். பேட்ச் ஃபைலுக்கு 'ரோபோகாப்பி' என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். உள்ளே ரோபோகாப்பியை அழைக்கும்போது அது தன்னையே அழைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெயரை வைத்துத் தேடலாமா

அடையாள ஃபைலுக்குப் பதில் டிரைவின் பெயரை, அதாவது வால்யூம் லேபிளை வைத்தும் பிடிக்கலாம். ஃபேட்32 இல் பெயர் 11 எழுத்துக்குள் இருக்கவேண்டும். 'கடை1' என்று பெயர் வைத்தால்:

ஃபார் /எஃப் %%எக்ஸ் இன் ('பவர்ஷெல் -நோபுரொஃபைல் -கமாண்ட் "(கெட்-வால்யூம் -ஃபைல்சிஸ்டம்லேபிள் 'கடை1').டிரைவ்லெட்டர்"') டூ செட் "பென்=%%எக்ஸ்:"

விண்டோஸ் 8 முதல் இது வேலை செய்யும். பழைய பேட்ச் ஃபைல்களில் இந்த வேலைக்கு 'டபிள்யூஎம்ஐசி' என்ற கட்டளை இருக்கும். அதை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவருகிறது. விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் இயல்பாக இருப்பதில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பேக்கப் நின்றுபோனால் முதலில் இதைப் பாருங்கள். 'வால்' கட்டளை காட்டும் எட்டு இலக்கச் சீரியல் எண்ணை நம்பி எழுதியவர்களும் உண்டு. டிரைவை ஃபார்மேட் செய்தால் அந்த எண் மாறிவிடும். எங்கள் தேர்வு அடையாள ஃபைல்தான். லேபிளை யார் வேண்டுமானாலும் ஒரு கிளிக்கில் மாற்றலாம்; ஃபைலுக்கு ஹிட்டன் கொடுத்துவிட்டால் கண்ணிலேயே படாது, பேட்ச் ஃபைலின் தேடலுக்கு மட்டும் அகப்படும்.

கேமரா கார்டும் படகு ஜிபிஎஸ் கார்டும்

வாடிக்கையாளரின் கார்டில் நாம் அடையாள ஃபைல் வைக்க முடியாது. தேவையுமில்லை. டிஜிட்டல் கேமராக்கள் படங்களை 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டரில்தான் போடும். மேலே உள்ள தேடலில் மார்க் ஃபைலுக்குப் பதில் "%%எக்ஸ்:\டிசிஐஎம்\" என்று கொடுத்தால் கார்டு சிக்கும். ஆனால் ஒவ்வொரு கார்டையும் தனித்தனி ஃபோல்டரில் இறக்குங்கள். இரண்டு கேமராக்களிலும் ஒரே வரிசை எண்ணில் படங்கள் இருக்கும். அக்னி தீர்த்தக் கரையில் எடுத்த ஒரு குடும்பத்தின் படம் மீது இன்னொரு குடும்பத்தின் படம் ஏறிவிடும். ஃபோல்டர் பெயருக்குத் தேதி வேண்டுமென்றால் %டேட்% நம்பகமானதல்ல. கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பைப் பொறுத்து / குறியோடு வந்தால் ஃபோல்டர் பெயராகச் செல்லாது. பவர்ஷெல்லின் கெட்-டேட் கட்டளையில் வருடம், மாதம், நாள், மணி என்று வடிவம் கொடுத்து வாங்குவது பாதுகாப்பு.

செல்போனை வயரில் இணைத்தால் எக்ஸ்ப்ளோரரில் தெரியும், ஆனால் அதற்கு டிரைவ் எழுத்தே கிடையாது. வேறு முறையில் இணைகிறது. பேட்ச் ஃபைலால் அதை எட்ட முடியாது. இதற்காக மணிக்கணக்கில் மண்டையை உடைக்கவேண்டாம்.

படகு ஜிபிஎஸ் கருவியின் மெமரி கார்டு என்றால் இன்னும் கவனம். கடலடிப் பார் எங்கே, வலை மாட்டும் இடம் எங்கே என்று ஆண்டுக்கணக்கில் குறித்த புள்ளிகள் அதில் இருக்கலாம். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு என்ற ஒரே திசையில், /இ மட்டும். /எம்ஐஆர், /மூவ் கூடவே கூடாது. கார்டு முழுவதையும் எடுக்கும்போது 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டரை /எக்ஸ்டி கொண்டு விலக்குங்கள். நகல் முடிந்ததும் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரே காணவில்லை என்றால் பதற வேண்டாம். டிரைவின் வெளிமட்டத்துக்கு உள்ள மறைவுத் தன்மையையும் ரோபோகாப்பி சில நேரம் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். அட்ரிப் -எஸ் -எச் என்று கொடுத்து ஃபோல்டரின் பாதையையும் தட்டினால் திரும்பத் தெரியும்.

ஷார்ட்கட் வைரஸ் வந்த பென் டிரைவ்

ஜெராக்ஸ் கடைக்கு வரும் பென் டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து ஷார்ட்கட்டுகள் மட்டும் தெரிவது பழகிப்போன காட்சி. அட்ரிப் -எச் -எஸ் -ஆர் /எஸ் /டி என்ற கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் இ: எழுத்தோடு எழுதிவைத்துக்கொள்வார்கள். முன்பு சொன்னதுபோல எழுத்து வெறுமையானால் இது சி: முழுவதும் பாய்ந்து, விண்டோஸ் மறைத்துவைத்த ஃபைல்களின் தன்மையை எல்லாம் கலைக்கும். முன்பின் தெரியாத டிரைவில் அடையாளம் தேட வழியில்லை, ஆகவே எழுத்தைக் கேட்டுவாங்குங்கள்:

செட் "பென்="
செட் /பி "பென்=டிரைவ் எழுத்து: "
இஃப் நாட் டிஃபைன்ட் பென் எக்ஸிட் /பி
செட் "பென்=%பென்:~0,1%"
இஃப் /ஐ "%பென்%"=="சி" எக்ஸிட் /பி
வால் %பென்%:
பாஸ்
அட்ரிப் -எச் -எஸ் -ஆர் "%பென்%:\*" /எஸ் /டி

நான்காவது வரி, 'இ:' என்று தட்டினாலும் 'இ' என்று தட்டினாலும் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். 'வால்' வரி டிரைவின் பெயரைக் காட்டும். அது வாடிக்கையாளரின் டிரைவ்தான் என்று பார்த்த பிறகு ஏதாவது ஒரு சாவியைத் தட்டினால் மேலே போகும், இல்லாவிட்டால் சன்னலை மூடிவிடலாம். கம்ப்யூட்டரில் டி: என்று உள் பார்ட்டிஷன் இருந்தால் அதற்கும் சி-க்குப் போட்டதுபோல ஒரு தடை வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அட்ரிப் மறைந்ததைக் காட்டும், வைரஸை நீக்காது. முதலில் ஆன்டிவைரஸ் ஸ்கேன், எந்த ஷார்ட்கட்டையும் கிளிக் செய்யக்கூடாது.

சோதித்துப் பார்க்கும் முறை

பேட்ச் ஃபைல் தயாரானதும் உண்மையான கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மூன்று வெற்று ஃபைல்கள் உள்ள ஒரு சோதனை ஃபோல்டரை வைத்து ஓட்டுங்கள். முதல் ஓட்டம், பென் டிரைவே இல்லாமல். 'செருகப்படவில்லை' என்று வரவேண்டும். வேறெது வந்தாலும் மேலே போகவேண்டாம். அடுத்து சரியான டிரைவோடு. அதன்பின் வேறொரு பென் டிரைவை முதலில் செருகி, நம்முடையதை இரண்டாவதாக. கடைசியாக மார்க் ஃபைலை இன்னொரு டிரைவிலும் நகலெடுத்து, இரண்டையும் செருகி.

'இஃப் எக்ஸிஸ்ட்' வரி சரியாக இருந்தும் டிரைவ் கிடைக்கவில்லையென்றால் எக்ஸ்ப்ளோரரில் எழுத்தோடு தெரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் மட்டும் தெரிந்து எழுத்து இல்லாமல் இருந்தால், அங்கேயே ஒரு எழுத்து கொடுக்கவேண்டும். பழைய, இப்போது இல்லாத டிரைவ்களின் நினைவைத் துடைக்க, நிர்வாகி உரிமையோடு திறந்த கருப்புச் சன்னலில் மவுன்ட்வால் /ஆர் என்று தட்டலாம். செருகி இருக்கும் டிரைவ்களை அது தொடாது.

4 ஜிபி-யை எட்டும் ஒற்றை ஃபைல், திருமண வீடியோ மாதிரி, ஃபேட்32 டிரைவில் ஏறாது; இடம் காலியாக இருந்தாலும் இடமில்லை என்பது போன்ற பிழை வரும். பேக்கப் டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபார்மேட் செய்ததும் மார்க் ஃபைலை மறுபடி வைக்க மறக்கவேண்டாம். விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவ்களுக்கு 'குவிக் ரிமூவல்' (எஜெக்ட் கொடுக்காமலே எடுக்கும் வசதி) இயல்பாக இருக்கிறது. இருந்தாலும் 'பேக்கப் முடிந்தது' என்று வந்தபின் எஜெக்ட் கொடுத்து எடுப்பதுதான் சரி, துளையில் உப்பு ஏறிய கம்ப்யூட்டரில் கட்டாயம்.